இதே விலைக்கு நீங்கள் வாங்குவீர்களா?

அன்றைக்கு மில் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஜன்னலை ஒட்டி நாச்சிமுத்து, அந்தக் கோழித்தீவன மில்லில் பாதிப் பங்குக்காரர். அவருக்கு எதிரே ராசப்பன், மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர். இருவரும் சம்பந்திகள். நாச்சிமுத்துவின் மகள் மேகலாவைத்தான் ராசப்பன் மகன் சதீஷுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த சதீஷ் மூன்றாவது ஆள். அப்பாவுக்கும் மாமனாருக்கும் நடுவில் நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் பீரோ ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நான்காவது எங்கள் ஆடிட்டர். ஐந்தாவது கௌசல்யா, எங்கள் ஆபீஸில் கம்பெனி மதிப்பீடு போடுகிற பெண். ஆறாவது நான். டீ கொண்டு வந்த அம்மாவை எண்ணவில்லை. அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு "நானும் அங்கதானுங்க இருந்தேன்" என்று ஊரில் இருபது பேர் கிளம்பிவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்து எனக்கே அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அதில் பாதி தப்பு.

மதிப்பீட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார் ஆடிட்டர். நான் ஒன்பதாவதோடு நின்றவன். கடைசி வரைக்கும் சரக்கு சரிபார்க்கவும், இரண்டு பக்கமும் சமாதானம் பேசவும்தான் என்னை வைத்திருந்தார்கள். உங்கள் கணக்கை உங்களுக்குச் சொல்லித் தர எனக்குத் தகுதியில்லை, அந்த ஆசையும் இல்லை. ஆனால் நீங்கள் கணக்கு போடுகிற அழகைப் பார்த்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. முன்னேயும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். கிளையண்ட் வந்து உட்கார்ந்ததும் "சார், நீங்க எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் எக்ஸெல்லைத் திறக்கிறீர்கள். அவர் எட்டு கோடி என்றால் எட்டு வருகிற மாதிரி வட்டி வீதத்தைத் திருகுகிறீர்கள். பத்து என்றால் இன்னும் கொஞ்சம். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. இதற்கு எதற்கு மதிப்புப் போடுகிற மாடல்? அவரையே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிவிடலாமே?

கௌசல்யா அப்படிச் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அப்படியிருந்தும் இவ்வளவு ஆனது. அதனால்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

விஷயம் இதுதான். மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய தீவனக் கம்பெனி, நாமகிரிப்பேட்டைப் பக்கம் இருந்த இந்த மில்லை வாங்கிக்கொள்ளலாமா என்று நூல் விட்டுப் பார்த்தது. நாச்சிமுத்துவுக்கு ஆசை வந்துவிட்டது. ராசப்பனோ, "மில்லை வெளியாளுக்கு விக்கற பேச்சே வேண்டாமுங்க" என்று ஒரே பிடியாக நின்றார். மக்காச்சோளம் வாங்குவது, பண்ணைக்காரர்களுக்குக் கடனுக்குத் தீவனம் விடுவது, அந்தக் கடனை வசூல் பண்ணுவது எல்லாமே ராசப்பன்தான். நாச்சிமுத்து ஆரம்பத்தில் முதல் போட்டவர். சாயங்காலம் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

"அப்படின்னா எம்பட பங்கை நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி, நான் ஒதுங்கிக்கறேன்" என்றார் நாச்சிமுத்து.

நம் பக்கத்துக் கூட்டுத் தொழில்களில் ஒரு வழக்கம் உண்டு. போர் போடுகிற ரிக் வண்டி, லாரி, மில்லு எதுவானாலும் சரி. கூட்டாளிகள் பிரிகிறபோது, பிரியவேண்டும் என்று சொல்கிறவர் விலை வைக்கவேண்டும். அடுத்தவர் அந்த விலைக்கு வாங்குவதா, விற்பதா என்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வார். விலை ஒருவர் கையில், பக்கம் இன்னொருவர் கையில். இதனால்தான் யாரும் ஏடாகூடமாக விலை சொல்வதில்லை. இவர்கள் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. தகராறு வந்தால் நடுவில் இருந்து பேச என் பெயரைப் போட்டிருந்தார்கள். பத்திரம் எழுதுகிற அன்றைக்கே வேண்டாம் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

நாச்சிமுத்து தன் வாயால் விலை சொல்ல விரும்பவில்லை. நம் ஆபீஸுக்கு வந்து, பெரிய கம்பெனிகள் ஒரு கம்பெனியை வாங்கும்போது எந்த முறையில் மதிப்புப் போடுகிறார்களோ அதே முறையில் போட்டுத் தரச் சொன்னார். சீல் வைத்து வேண்டும் என்றார்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ள அவர் வந்த அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். கௌசல்யா நிதானமாக விளக்கினாள்.

"பேங்க்ல பயமில்லாம போட்டா ஒரு வட்டி வருதுங்க இல்லைங்களா சார்? தொழில்ல போடறப்ப அதுக்கு மேல எவ்வளவு கேக்கணும்ங்கறதுதான் இந்தக் கணக்கு. மொத்த ஷேர் மார்க்கெட்டும் ஆடறப்ப, இந்தத் தொழில் அது கூட எவ்வளவு ஆடுது? அதை அளந்து வச்சிருக்காங்க. அதுதான் பீட்டா. ரொம்ப ஆடினா நிறைய கேக்கணும். கம்மியா ஆடினா கம்மியா கேட்டாப் போதும்."

"முட்டைத் தொழிலு ஆடாத தொழிலாம்மா? இது என்ன புதுசா இருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

"ஆடும் சார். ஆனா மார்க்கெட் கூடச் சேர்ந்து ஆடாது. அது தனியா ஆடும்."

எனக்கே புரிந்தது. கோழிக்குச் சீக்கு வந்தால் மும்பை ஷேர் மார்க்கெட்டில் யாரும் தும்மப் போவதில்லை. அதனால் பீட்டா சின்னது. பீட்டா சின்னதானால் கேட்கவேண்டிய வீதம் சின்னது. வீதம் சின்னதானால், அதே லாபத்துக்கு மில்லின் மதிப்பு பெரிதாகிவிடும். மில்லில் எல்லாம் போக வருஷத்துக்குத் தொண்ணூறு லட்சம் மிஞ்சிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு வருஷம் ஒன்பது கேட்டால் போதும் என்று கணக்கில் வந்ததால், அந்தத் தொண்ணூறு லட்சத்துக்கு மில்லின் மதிப்பு பத்து கோடி. ஒரு பங்கு ஐந்து கோடி.

"ஆனா சார்," என்று கௌசல்யா நிறுத்தினாள். "இது நூறு கம்பெனில கொஞ்சம் கொஞ்சம் பணம் வச்சிருக்கறவங்களோட கணக்கு. ஒரு மில்லு படுத்தாலும் அவங்களுக்கு மீதியெல்லாம் நிக்கும். அதனால இது தனியா ஆடறதைப் பத்தி அவங்க கவலைப்பட மாட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கறது இந்த ஒரே மில்லு. இந்த மதிப்பு அந்தக் கம்பெனி கையில இருந்து பாத்தா வர்ற மதிப்பு. உங்க கையில இருந்து பாத்தா இவ்வளவு வராது. ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

"எழுதிக்க கண்ணு, நல்லா எழுதிக்க. கடைசிப் பக்கத்துல என்ன போட்டிருக்குது?"

"அஞ்சு கோடி சார். ஒண்ணு மட்டும் கேக்கறேன். இதே விலைக்கு நீங்க வாங்குவீங்களா?"

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "நான் எதுக்குச் சாமி வாங்கறேன்? நான் விக்கற ஆளு!"

ராசப்பன் மில்லை விடவே மாட்டார் என்பது அவர் கணக்கு. எக்ஸெல்லில் இல்லாத கணக்கு அதுதான். மில்லு இல்லாமல் அவருக்குக் காலையில் எழுந்து போக இடம் ஏது? என்ன விலை வைத்தாலும் எடுத்துத்தான் தீருவார் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். அந்த வாரம் பூராவும் குடோனில் சோளம் ஈரமாக இருக்குமோ, எடை மேடை தப்புக் காட்டுமோ, கூட்டத்தன்றைக்குக் கரண்ட் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். பயப்படவேண்டியதற்கு மட்டும் பயப்படவில்லை.

கூட்டத்தன்றைக்குக் கரண்ட் போகவில்லை. நாச்சிமுத்து ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சம்பந்தி பக்கம் தள்ளினார்.

"அஞ்சு கோடிங்க. நானா சொல்லலீங்க. படிச்சவங்க, சீல் போட்டுக் குடுத்தது."

ராசப்பன் ரிப்போர்ட்டைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்து, கால்குலேட்டரைத் தட்டினார்.

"அஞ்சு கோடி. ஒண்ணரை வட்டிக்கு விட்டா மாசம் ஏழரை லட்சம். மில்லுல எம்பட பங்குக்கு மாசம் நாலு லட்சம் கூட வாரதில்லீங்க. அதுக்கு நான் வெடியால எந்திரிச்சு, சோளத்து மூட்டைக்குக் கை உட்டு ஈரம் பாத்து, பண்ணைக்காரன் ஊட்டு வாசல்ல போயி நின்னு..." செல்லைப் பைக்குள் போட்டார். "நல்ல விலைங்க சம்பந்தி. நீங்களே எடுத்துக்குங்க."

நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்பது நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகூட மனசில் போடுகிற கணக்கு. நாச்சிமுத்துவே வருஷக்கணக்கில் பணம் வட்டிக்கு விட்டவர்தான். வேறு யாராவது ஐந்து கோடி என்று சொல்லியிருந்தால் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். சீல் வைத்த தாளைப் பார்த்ததும் அதைப் போடவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "நா... நான் எடுத்து என்னத்தப் பண்றது?"

"அதானுங்க நானும் நெனச்சேன்" என்றார் ராசப்பன்.

கௌசல்யா மட்டும், யாரும் கேட்காமலே, "வட்டிக்கு விடற பணமும் அப்படியே திரும்பி வரும்னு சொல்ல முடியாதுங்க சார், ஒண்ணரை வட்டிங்கறதே அந்தப் பயத்துக்குத்தான்" என்றாள்.

"ஒரு காய்ச்சல் வந்து கோழியெல்லாம் படுத்தா மில்லு மட்டும் திரும்பி வருமா சாமி?" என்றார் ராசப்பன். அவள் சொன்னது, அவர் சொன்னது, இரண்டுமே உண்மை.

நாச்சிமுத்து என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்கதான் நடுவுல இருக்கறவரு. இது ஒரு பேச்சுக்குச் சொன்ன விலைங்க. வாபஸ் வாங்கிக்கறேன். அப்பறம் பாத்துக்கலாமுங்க."

நான் ஆடிட்டரைப் பார்த்தேன். ஆடிட்டர் ஜன்னலுக்கு வெளியே லாரி எடை போடுவதை இதற்கு முன் பார்த்தே இராதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் ஜன்னல் ஒன்று கிடைத்துவிடுகிறது.

என்னை வேலைக்கு எடுத்த பழைய ஆடிட்டர் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. பேச்சு முற்றினால் டீ சொல், டீ வருவதற்குள் எதையும் முடிவு பண்ணாதே என்பார். டீ சொன்னேன். டீ வருகிற வரைக்கும் நான் போட்டுப் பார்த்தது இதுதான். வாபஸ் என்று நான் ஒத்துக்கொண்டால், இந்த ஜில்லாவில் இனிமேல் எவனும் எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைப்பான். மாட்டிக்கொண்டால் பேச்சுக்குச் சொன்னேன் என்பான். ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த மனிதர் இருக்கிற தோட்டத்தை அடமானம் வைக்கவேண்டும். வேறு வழியில்லை அவருக்கு. பாசனக் கிணறும், தென்னையும், குடியிருக்கிற வீடும் அந்தத் தோட்டத்தில்தான். அது போனால், பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர்களாலேயே நடுத்தெருவுக்கு வந்தார் என்றாகும். மேகலா எந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு போடுவாள்?

டீ வந்தது. ராசப்பன் டம்ளரை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தா, அப்பறம் விலை ஜாஸ்தின்னு நான் வந்து அழுதா, சம்பந்தி உட்டிருப்பாங்களா? நீங்க உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"சொன்ன விலை சொன்னதுதானுங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியதாகிவிட்டது. "ஆனா பணம் குடுக்கறதுக்குத் தவணை உண்டு. வட்டி ஒண்ணரை இல்லீங்க, ஒண்ணு. சம்பந்திக்குள்ள ஒண்ணுதான். அது ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

ராசப்பன் தலையசைத்தார். நாச்சிமுத்து ரிப்போர்ட்டை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சதீஷ் மெல்ல வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். யாருக்கு என்று கேட்கவேண்டியதில்லை.

சரி, போகட்டும், மெட்ராஸ் கம்பெனி இருக்கிறதே, முழு மில்லையும் அவர்களுக்கே விற்றுவிடலாம் என்று நாச்சிமுத்து மனசைத் தேற்றிக்கொண்டார். நானும் தேறினேன். அவர்கள் வந்தார்கள், இரண்டு பேர், நல்ல ஷூ. கௌசல்யாவின் கணக்கைப் பார்த்து, சரியாகப் போட்டிருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"சோளம் வாங்கறது, பண்ணைகளைப் பாத்துக்கறது யாரு?"

"என் சம்பந்தி பாத்துட்டிருந்தாரு. இப்ப ஒதுங்கிட்டாரு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்குப் போய், அதே மாடலில், வருகிற பணத்தைக் குறைத்து, கேட்கிற வீதத்தைக் கூட்டிப் போட்டு, ஆறரை கோடி என்று அனுப்பினார்கள். அதே மில்லு, அதே இயந்திரம், அதே பாய்லர். ஒரு ஆள் நாற்காலியை விட்டு எழுந்ததற்கு மூன்றரை கோடி. ஆறரையில் சம்பந்திக்கு ஐந்து போனால், இவருடைய சொந்தப் பாதிக்கு மிஞ்சுவது ஒன்றரை. நாச்சிமுத்து அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நம் ஆபீஸுக்கு வந்து, கௌசல்யாவின் மேஜைக்கு முன்னால் நின்றார். திட்டப் போகிறார் என்று பயந்து நான் எழுந்து நின்றேன்.

"நீ கேட்டியே கண்ணு, இதே விலைக்கு வாங்குவீங்களான்னு. ஏஞ்சாமி, கொஞ்சம் சத்தமாக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

அவர் விற்கவில்லை. ஆறரைக்கு விற்கச் சொல்லிக் கௌசல்யா சொன்னாள், ஆடிட்டரும் சொன்னார். வீம்பு. கம்பெனி வேறொரு மில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டது. இவர் ராசிபுரத்தில் இருந்த மனையை விற்றார், தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கினார், இரண்டையும் சேர்த்து இரண்டு கோடி கொடுத்தார். மீதி மூன்று கோடிக்கு மாதாமாதம் வட்டியும் கொஞ்சம் முதலும். ராசப்பன் தனக்கு வந்த இரண்டு கோடியை ஒன்றரை வட்டிக்கு விட்டார். அதில் ஒரு பெரிய தொகை, வாங்கினவன் ஊரை விட்டே போய்விட்டதால் நின்றுபோனது. கௌசல்யா சொன்னதுதான். அவளைப் போய் யாரும் பாராட்டவில்லை. சொன்னது பலித்தால் ஜோசியக்காரனைக் கும்பிடுவார்கள், கணக்குப் பிள்ளையை எரிச்சலோடு பார்ப்பார்கள். இதையும் பழகிக்கொள்ளுங்கள்.

இனி உங்களுக்கு. மாடலைக் குறை சொல்லாதீர்கள். அது பொய் சொல்லவில்லை. யாருடைய கையில் இருந்து பார்க்கிறோம் என்று அது முதல் வரியிலேயே கேட்கிறது. நாம்தான் பதில் சொல்லாமல் கடைசி வரிக்குப் போகிறோம். ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால் கௌசல்யா கேட்ட கேள்வியைக் கேளுங்கள். அவர் சிரித்தால் இரண்டாம் தடவை கேளுங்கள். அப்பவும் சிரித்தால், தாளைக் கையில் கொடுக்காமல் மூன்றாம் தடவை கேளுங்கள். கோபித்துக்கொண்டு வேறு ஆடிட்டரிடம் போவார். போகட்டும். அங்கே போய் எட்டு, பத்து என்று திருகிக்கொள்ளட்டும்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று பெயர். மாதம் பிறந்தால் இரண்டு பேரும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதே. போன வாரம் கணக்குப் பார்க்க மில்லுக்குப் போனேன். எடை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ராசப்பன் உட்கார்ந்திருந்தார். மூட்டைக்குள் கையை விட்டு, "இது சோளமா, ஊறப்போட்ட கடலையாடா?" என்று லாரிக்காரனைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கீங்க இங்க?" என்றேன்.

"ஊட்டுல உக்காந்து என்னத்தப் பண்றது? இவிய ஈரச் சோளத்த வாங்கி மில்லக் கெடுத்துட்டா எம்பட பாக்கி எப்படீங்க வரும்?"

சம்பளம் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. தினமும் வருகிறாராம். சதீஷ் மாமனாரிடம் சம்பளத்துக்கு இருந்துகொண்டு பண்ணைகளைப் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் நாச்சிமுத்து வந்து டீ குடித்தார். மூன்று டம்ளர் டீ, மேகலா வீட்டிலிருந்து கொடுத்து அனுப்பின முறுக்கு. சம்பந்திகள் இருவரும் முட்டை விலையைத் திட்டினார்கள். முன்னே எப்படி இருந்ததோ மில்லு அப்படியே நடக்கிறது. அதே ஆட்கள், அதே இடம், அதே லாபம். பத்து கோடியாவது, ஆறரை கோடியாவது.

தோட்டத்துப் பத்திரம் மட்டும் பேங்கில் இருக்கிறது. நான் போய்ச் சேருவதற்குள் அது அவர் கைக்குத் திரும்பவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதத் தவணை போக, நாச்சிமுத்து ராசப்பனுக்கு இன்னும் தரவேண்டியது இரண்டு கோடியே முப்பத்தெட்டு லட்சம்.